டெர்மினலில் ஒரு டைப்ஸ்கிரிப்ட், எடிட்டரில் இன்னொன்று

கேள்வி: புராஜெக்டில் டைப்ஸ்கிரிப்டை 5.4-லிருந்து 5.5-க்கு ஏற்றினேன். டெர்மினலில் பில்ட் பிழையில்லாமல் முடிகிறது. விஎஸ் கோட் எடிட்டரில் மட்டும் அதே ஃபைலில் சிவப்புக் கோடு. மூடித் திறந்து பார்த்தும் போகவில்லை. ஆபீஸ் லேப்டாப் என்பதால் விஎஸ் கோடை நானாக அப்டேட் செய்ய முடியாது. என்ன செய்வது?

பதில்: விஎஸ் கோடை அப்டேட் செய்யவே வேண்டாம். அதற்குள் ஒரு டைப்ஸ்கிரிப்ட் கூடவே வருகிறது. சிவப்புக் கோடு போடுவதும் ஆட்டோகம்ப்ளீட் தருவதும் அதுதான். டெர்மினலில் ஓடுவது உங்கள் நோட்_மாட்யூல்ஸில் (புராஜெக்டின் பேக்கேஜ்கள் இறங்கும் node_modules ஃபோல்டரில்) இருப்பது. நீங்கள் ஏற்றியது இரண்டாவதை மட்டும். என்பிஎம்மில் குளோபலாகப் போட்டாலும் எடிட்டர் அதைச் சீண்டாது.

எது ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். ஒரு டிஎஸ் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, கீழே ஸ்டேட்டஸ் பாரில் மொழியின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நெளிவு அடைப்புக்குறியைத் தொட்டால் வெர்ஷன் எண் தெரியும். டெர்மினலில் 'என்பிஎக்ஸ் டிஎஸ்சி -வி' (npx tsc -v) கொடுத்து ஒப்பிடுங்கள். என்பிஎக்ஸ் இல்லாமல் வெறும் டிஎஸ்சி கொடுத்தால் குளோபலில் இருப்பதன் எண் வந்து இன்னும் குழப்பும்.

5.5-இல் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும் இடம் ஃபில்டர். எண்களும் 'நல்'லும் (null, அதாவது மதிப்பு இல்லை என்பதும்) கலந்த ஒரு அர்ரேயை 'எக்ஸ் !== நல்' என்று வடிகட்டினால், மிஞ்சுவது எண்கள் மட்டுமே என்று 5.5 தானாகவே புரிந்துகொள்ளும். 5.4-க்கு அது தெரியாது. நல் இன்னும் உள்ளே இருக்கலாம் என்று அடுத்த வரியில் கோடு போடும். அதே வடிகட்டலை '!!எக்ஸ்' என்று எழுதியிருந்தால் 5.5-லும் கோடு வரும். பூஜ்யமும் அதில் கழிந்துவிடும் என்பதால் டைப்பைச் சுருக்க அது மறுக்கிறது. ஆகவே எல்லாச் சிவப்புக் கோட்டுக்கும் வெர்ஷன்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மாற்றும் வழி: டிஎஸ் ஃபைல் திறந்திருக்கும்போதே கண்ட்ரோல்-ஷிஃப்ட்-P அழுத்தி, 'செலக்ட் டைப்ஸ்கிரிப்ட் வெர்ஷன்' கட்டளையை எடுத்து, 'யூஸ் வொர்க்ஸ்பேஸ் வெர்ஷன்' கொடுங்கள். வேறு ஃபைலில் நின்றுகொண்டு தேடினால் அந்தக் கட்டளை கண்ணில் படாமல் போகலாம். தேர்ந்தெடுத்ததும் புராஜெக்டின் .விஎஸ்கோட் ஃபோல்டரில் உள்ள செட்டிங்ஸ் ஃபைலில் 'டைப்ஸ்கிரிப்ட்.டிஎஸ்டிகே' (typescript.tsdk) என்ற வரி சேரும், மதிப்பு 'நோட்_மாட்யூல்ஸ்/டைப்ஸ்கிரிப்ட்/லிப்' (node_modules/typescript/lib). கையால் எழுதுவதானால் லிப் ஃபோல்டரோடு நிறுத்துங்கள். 'பின்' (bin) ஃபோல்டரையோ டிஎஸ்சர்வர் ஃபைலையோ காட்டினால் எடுக்காது. விண்டோஸிலும் முன்சாய்வுக் கோடே போதும்.

பலரும் வழுக்குவது இதற்கு அடுத்த படியில்தான். அந்த வரியை கிட்டில் கமிட் செய்துவிட்டால் டீம் முழுக்க மாறிவிடும் என்று நினைக்கிறார்கள். மாறாது. வரி சொல்வது, 'இங்கே ஒரு டைப்ஸ்கிரிப்ட் இருக்கிறது' என்பதை மட்டும். அதைப் பயன்படுத்துவதா என்ற சம்மதம் ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாகப் பதிவாகிறது. யாரோ எழுதிய ரெப்போவைத் திறந்த மாத்திரத்தில் அதிலிருக்கும் புரோகிராம் ஓடிவிடக் கூடாதே! நியாயமான ஏற்பாடுதான். செட்டிங்ஸில் 'எனேபிள் ப்ராம்ப்ட் யூஸ் வொர்க்ஸ்பேஸ் டிஎஸ்டிகே' என்று தேடி, அதையும் அதே ஃபைலில் ட்ரூ ஆக்கி கமிட் செய்யுங்கள். திறக்கிறவர்களிடம் விஎஸ் கோடே கேட்டுக்கொள்ளும். ஃபோல்டரை ரெஸ்ட்ரிக்டட் மோடில் திறந்திருந்தால் எதைச் செய்தாலும் உள்ளே வருவது பழையதுதான்; ட்ரஸ்ட் கொடுத்த பிறகு பாருங்கள்.

மோனோரெப்போ (பல புராஜெக்டுகள் ஒரே ரெப்போவில்) என்றால் பாதை தவறுவது சகஜம். டைப்ஸ்கிரிப்ட் ஃப்ரண்ட்எண்ட் ஃபோல்டருக்குள் இருந்து, நீங்கள் ரூட்டைத் திறந்திருந்தால், பாதையும் ஃப்ரண்ட்எண்டிலிருந்து தொடங்க வேண்டும். என்பிஎம்முக்குப் பதில் பிஎன்பிஎம் (pnpm) பயன்படுத்துகிறவர்களுக்கு எளிய தீர்வு, ரூட்டிலும் டைப்ஸ்கிரிப்டை ஒரு டெவ் டிபெண்டன்சியாகச் சேர்த்துவிடுவது. யார்னின் பிளக்-அண்ட்-ப்ளேயில் நோட்_மாட்யூல்ஸே கிடையாது. அதற்கு யார்ன் தரும் எஸ்டிகே கட்டளையை ஓட்டினால் .யார்ன் ஃபோல்டருக்குள் தனி டைப்ஸ்கிரிப்ட் பாதை உருவாகும்.

பிறகு வெர்ஷனை உயர்த்தும்போதெல்லாம் 'ரீஸ்டார்ட் டிஎஸ் சர்வர்' கட்டளை கொடுத்தால் போதும், எடிட்டரை மூட வேண்டாம். பேக்கேஜ் ஃபைலில் எண்ணுக்கு முன்னால் இருக்கும் ^ குறியையும் எடுத்துவிடுங்கள். டைப்ஸ்கிரிப்ட் செம்வர் முறையை (பழைய கோடை உடைக்கும் மாற்றம் வந்தால் முதல் எண்ணை உயர்த்த வேண்டும் என்ற ஏற்பாட்டை) பின்பற்றுவதில்லை, 5.4-லிருந்து 5.5 போகும்போதே பழைய கோட் உடையலாம். ^ இருந்தால், லாக் ஃபைல் (சரியான வெர்ஷன் எண்களைப் பதிந்து வைக்கும் ஃபைல்) இல்லாத இடத்தில் இன்ஸ்டால் செய்கிற ஆள் உங்களுக்குத் தெரியாமலேயே அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். கோடைச் சோதிக்கும் இஎஸ்லிண்ட் கருவி இருந்தால் டைப்ஸ்கிரிப்ட்-இஎஸ்லிண்டையும் சேர்த்து உயர்த்துங்கள். இல்லாவிட்டால் 'இந்த டைப்ஸ்கிரிப்டுக்கு ஆதரவில்லை' என்ற எச்சரிக்கை ஒவ்வொரு ஓட்டத்திலும் வந்துகொண்டே இருக்கும்.