அம்மாவுக்கு இரண்டாவது இருக்கை: கனடாப் பயணம்

தங்கச்சி, உடல் பருமன் உள்ள அம்மாவுக்கு ரொறன்ரோ வழியாகக் கல்கரி போக முகவர் இரண்டு டிக்கெட் காசு கேட்கிறார், நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமே இல்லை. உடம்பு என்ன, விரும்பித் தூக்கிவரும் பொதியா? ஆனால் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ரொறன்ரோ வரை அந்தக் காசைத் தவிர்ப்பது கஷ்டம்தான்.

அதற்கு அப்பால் கதை வேறு. பருமனே இயலாமையாகிவிட்ட பயணியிடம் உள்நாட்டுப் பறப்பில் கூடுதல் இருக்கைக்குக் காசு வாங்கக்கூடாது என்று எயார் கனடாவுக்கும் வெஸ்ட்ஜெட்டுக்கும் கனடியப் போக்குவரத்து முகமை 2008இல் உத்தரவிட்டது. ஆகவே ரொறன்ரோவிலிருந்து கல்கரிக்குத் தனி உள்நாட்டு டிக்கெட் எடுங்கள். முதலில் விமான நிறுவனத்துடன் நேரடியாகப் பேசி, வைத்தியர் நிரப்பவேண்டிய படிவத்தைக் கேட்டு வாங்கி, மட்டக்களப்பிலேயே ஆங்கிலத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். பெல்ட் எட்டாவிட்டால் நீட்டுப்பட்டியை விமானப் பணியாளர்களிடம் கேட்க அம்மா கூச்சப்பட வேண்டாம்.