நைரோபி – ஜோகன்னஸ்பர்க்: 3 மணி நேரமா, 5 மணி நேரமா?

வணக்கம். போக 3 மணி நேரமும் திரும்ப 5 மணி நேரமும் ஆவதாகப் பயணச்சீட்டு காட்டுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இரு விமான நிலையங்களுக்கும் இடையே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். எந்தத் திசையிலும் நேரடி விமானத்துக்குச் சுமார் 4 மணி நேரம் பிடிக்கும். சீட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள் என்பதாலும், நைரோபி 1 மணி நேரம் முந்தியிருப்பதாலும், காலை 7 மணிக்குப் புறப்படுபவர் 10 மணிக்கே இறங்குவதாகத் தெரிகிறது.

கேப்டவுன் விமானத்துக்கு நீங்கள் விட்டிருக்கும் ஒன்றரை மணி நேர இடைவெளிதான் எனக்குக் கவலை தருகிறது. ஜோகன்னஸ்பர்க்கிலேயே குடிவரவுச் சோதனையை முடித்து, பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடந்து, உள்நாட்டு விமானத்துக்கு மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், தயவுசெய்து 3 மணி நேரமாவது விடுங்கள். தனித்தனிச் சீட்டுகள் என்றால் இது இன்னும் அவசியம்.