எக்ஸ்ரே நார்மல், ஆனால் மூச்சு வாங்குகிறதே?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் ஆபரேட்டர். மூன்று மாதத்துக்கு முன் அம்மோனியா கசிந்தபோது வால்வை மூடப் போனவர் ஐந்தாறு நிமிடம் உள்ளேயே மாட்டிக்கொண்டார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, எக்ஸ்ரே நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். இன்றும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ராத்திரியெல்லாம் இருமல். சாம்பிராணிப் புகைகூட ஆகவில்லை. நுரையீரல் வெந்துபோயிருக்குமா? தினமும் பாலும் வாழைப்பழமும் கொடுக்கிறேன்.

பதில்: 'வெந்துபோயிருக்குமா' என்று கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. நடந்ததற்கு அதுதான் சரியான சொல். அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். கண், தொண்டை, மூச்சுக்குழாய் எல்லாமே ஈரமான இடங்கள். அந்த ஈரத்தில் கலந்ததும் அது கடுமையான காரமாக (அமிலத்துக்கு நேரெதிரான, அரிக்கும் பொருள்; ஆல்கலி) மாறி, செல்களின் சுவரில் உள்ள கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைக்கிறது. அமிலம் பட்ட இடத்தில் பொருக்குக் கட்டி, புண் ஆழமாகாமல் ஓரளவு தடுக்கும். காரத்துக்கு அந்தத் தடை கிடையாது, உள்ளே இறங்கிக்கொண்டே போகும். சளியை மேலே தள்ளிவிடும் நுண்ணிய மயிரிழைகளும் அதில் உதிர்ந்துவிடும். ராத்திரி இருமலுக்கு இதுவும் ஒரு காரணம்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது நினைவிருக்கும். கண்ணெரிச்சல், மூச்சுத்திணறலோடு பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அது திறந்த வெளி. உங்கள் கணவர் இருந்தது மூடிய அறை. அறைக்குள் வாயு அடர்த்தியாக இருக்கும்போது மூக்கும் தொண்டையும் அதைத் தடுத்து நிறுத்த முடியாது, சிறு மூச்சுக்குழாய்கள் வரை இறங்கிவிடும்.

எக்ஸ்ரேயை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். நுரையீரலில் நீர் கோத்தால் எக்ஸ்ரேயில் தெரியும். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான குழாய்கள் வீங்கிச் சுருங்கியிருந்தால் தெரியாது. எனக்கு இரண்டு சந்தேகங்கள். ஒன்று, வாயு பட்ட ஒரே நாளில் தொடங்கி மாதக்கணக்கில் நீடிக்கும் ஆஸ்துமா போன்ற நிலை. சாம்பிராணி ஆகவில்லை என்பது இதற்குப் பொருந்துகிறது. பெரும்பாலும் இன்ஹேலருக்குக் கட்டுப்படும். இன்னொன்று, சிறு குழாய்கள் தழும்பேறி அடைத்துப்போவது. தழும்பை எந்த மருந்தாலும் கரைக்க முடியாது, மேலும் கூடாமல் தடுக்கப் பார்க்கலாம். அதனால்தான் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன்.

இந்த வாரமே நுரையீரல் மருத்துவரிடம் கூட்டிப்போய் ஸ்பைரோமெட்ரி செய்யச் சொல்லுங்கள். மூக்கில் கிளிப் மாட்டி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, குழாயில் வாய் வைத்து ஒரே மூச்சில் ஊத வேண்டும். நன்றாக இருப்பவர் முதல் ஒரு விநாடியிலேயே முக்கால் பங்கு காற்றை வெளியே தள்ளிவிடுவார். குழாய் சுருங்கியவருக்கு அது இழுத்துக்கொண்டே போகும். மருந்து கொடுத்து மறுபடி ஊதச் சொல்வார்கள், அப்போது எவ்வளவு தேறுகிறது என்பதில் பாதி விடை கிடைத்துவிடும். சி.டி. ஸ்கேன் எடுத்தால், மூச்சை முழுக்க வெளியே விட்ட நிலையிலும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அடைபட்ட காற்று அதில்தான் தெரியும்.

பாலும் பழமும் உடம்புக்கு நல்லது, கொடுங்கள். ஆனால் அவை போவது இரைப்பைக்கு, நுரையீரலுக்கு அல்ல. பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும். வீட்டில் சாம்பிராணி, கொசுவர்த்தி வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, காய்ச்சலோடு மஞ்சள் சளி வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், பரிசோதனை முடிவு வரும்வரை அவர் கம்ப்ரசர் ரூம் பக்கமே போகக் கூடாது. ஏற்கனவே வெந்த குழாய்க்குக் கொஞ்சம் வாயுவே போதும். ஈ.எஸ்.ஐ. இருந்தால், இது வேலையிட விபத்தாகப் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாளோடு போய்ப் பதியச் சொல்லுங்கள். நாளை அவரால் பழையபடி வேலை செய்ய முடியாமல் போனால், உதவித்தொகை கேட்க அந்தப் பதிவு வேண்டியிருக்கும்.