தீவுக்கு வரும் தேன்: கேள்வி பதில்

மொரீசியசின் போர்ட் லூயி நகரில் உணவுப்பொருள் இறக்குமதி செய்யும் ஒரு கடையில் 17 ஆண்டுகள் கணக்கு எழுதினேன். இப்போது காரைக்குடிக்குப் பக்கத்தில், சொந்தத் தோப்பில், ஆறு தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். ஒரு சின்னத் தீவு நாட்டுக்குத் தேன் எப்படிக் கிடைக்கிறது என்று நம் வட்டாரத்தார் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கானாடுகாத்தான் தம்பி: அண்ணே, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் அட்டவணையில் ‘தேன், ஒருவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு’ என்று நாடுவாரியாகப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு தேனை அங்கே சாப்பிடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது தம்பி. யாருடைய தட்டையும் பார்த்து எழுதிய எண் இல்லை அது. உள்ளூர் உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, கையிருப்பு ஏறியதா இறங்கியதா என்று சரிசெய்து, வீணானதைத் தள்ளி, மிஞ்சியதை மக்கள்தொகையால் வகுக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தீவில் ஒரு லட்சம் பேர், உள்ளூர்த் தேனே இல்லை, ஆண்டு முழுவதற்கும் 20 டன் தேனோடு ஒரே ஒரு கன்டெய்னர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 200 கிராம். நாளுக்கு அரை கிராம் சொச்சம். 100 கிராம் தேனில் சுமார் 300 கலோரி என்பதால், நாளுக்கு ஒன்றரைக் கலோரிக்குச் சற்று மேலே. இரண்டாவது கன்டெய்னர் டிசம்பர் கடைசியில் வந்து, கையிருப்பை ஒருவரும் எண்ணாமல் விட்டால், அந்த ஆண்டு ஊரே இரண்டு மடங்கு தேன் சாப்பிட்டதாகக் கணக்கு சொல்லும். பெரிய நாட்டில் இப்படி ஒரு கன்டெய்னர் கண்ணிலேயே படாது. லிட்டரைக் கிலோவாக எழுதிவிடும் தவறும் உண்டு. ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய 1.4 கிலோ. நானே அப்படி எழுதி, மறுநாள் திருத்தியிருக்கிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி: ஹோட்டல்களில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடுவது யார் கணக்கில் போகிறது, தம்பி?

தனியாகக் கழிக்காமல் விட்டால் உள்ளூர் மக்கள் கணக்கில்தான், ஆச்சி. மொரீசியசின் மக்கள்தொகை சுமார் 12.6 லட்சம். சுற்றுலாப் பயணிகள் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல். அப்படிக் கழிக்காவிட்டால், காலை உணவு மேசையில் அவர்கள் ரொட்டியில் தடவும் தேனும் அந்த 12.6 லட்சத்தால்தான் வகுபடும்.

கோட்டையூர் தம்பி: நல்ல மழை பெய்யும் தீவு. தேவையான தேனை அங்கேயே எடுக்க முடியாதா?

வயல்களில் பச்சைப்பசேல் என்றிருப்பது பெரும்பாலும் கரும்பு. கரும்பு புல் இனம், அதன் பூவில் தேனீக்குத் தேன் கிடையாது. லிச்சி, யூகலிப்டஸ் போன்ற மரங்கள் இருக்குமிடத்தில்தான் பெட்டி வைக்க முடியும். ரோட்ரிக்ஸ் என்று ஒரு சின்னத் தீவு, மொரீசியசைச் சேர்ந்தது, கிழக்கே சுமார் 560 கிலோமீட்டர். ரோட்ரிக்ஸ் தேனுக்கு மொரீசியசில் தனி மதிப்பு. கப்பலில் கடல் தாண்டி வந்தாலும் அது இறக்குமதி ஆகாது, உள்நாட்டு உற்பத்திதான்.

தேவகோட்டை ஆசிரியர்: தேனீக்கு நோய் வந்தால் தீவு என்ன ஆகும்?

நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான் ஐயா. வரோவா என்று ஓர் உண்ணி. சிறு கடுகளவு, செம்பழுப்பு நிறம். தேனீயின் உடம்பில் ஒட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சும், வைரஸ்களையும் பரப்பும். அது ஆதியில் நம் பக்கத்து அடுக்குத் தேனீயின் ஒட்டுண்ணிதான். என் பெட்டியில் இருக்கும் இனத்துக்கு அதனோடு வாழத் தெரியும். ஒன்றையொன்று சுத்தம் செய்து உதறிவிடும், உண்ணியும் பெரும்பாலும் ஆண் புழு அறைகளில்தான் பெருகும். மொரீசியசில் இருக்கும் மேற்கத்தியத் தேனீக்கு அந்தப் பழக்கம் போதாது. வேலைக்காரத் தேனீயின் புழு அறையிலேயே உண்ணி பெருகிக் கூடு காலியாகிவிடும். அந்த உண்ணி மொரீசியசுக்குள் 2014இல் நுழைந்தது. சின்னத் தீவில் தேனீ ஒதுங்கிப் போக இடம் அதிகம் இல்லை.

இப்போது அந்த அட்டவணைக்கு வாருங்கள். உள்ளூர்த் தேன் குறைந்தால் வியாபாரி என்ன செய்வார்? அந்த அளவுக்கு வெளியிலிருந்து வரவழைப்பார். கூட்டல் தொகை அப்படியே நிற்கும். பெட்டிகள் காலியாகிக் கிடக்க, ‘தலைக்கு இவ்வளவு தேன்’ என்ற எண் அசையாமல் இருக்கும். அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து ‘தேனுக்குக் குறைவில்லை’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. உற்பத்தி, இறக்குமதி இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். நம் பக்கமும் 1990களின் தொடக்கத்தில் புழுக்களைத் தாக்கும் வைரஸ் நோய் ஒன்று வந்து, மார்த்தாண்டம் பகுதியில் பெட்டி பெட்டியாகக் காலியானது. அங்கே தேனீ திரும்பி வர அக்கம்பக்கத்தில் காடும் மலையும் இருந்தன.

குன்றக்குடி அன்பர்: தைப்பூசத்துக்கு அங்கேயும் தேன் அபிஷேகம் உண்டா?

உண்டு. தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை நாள். ஆனால் அது புயல் காலம், துறைமுகத்தை மூடினால் சரக்கு கடலிலேயே நிற்கும். ஓர் ஆண்டு பூசத்துக்கு நான்கு நாள் இருக்கையில் கிடங்கில் ஒரு டிரம்மைத் திறந்தேன். மூடி ‘புஸ்’ என்று எழும்பியது. மேலே வெள்ளை நுரை, கள்ளுப்பானை வாசம். முந்தைய மாதம் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டிருக்கிறோம். தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் நொதித்துவிடும். 20 சதவீதம் என்பது சர்வதேச உணவுத் தரத்தின் எல்லையும்கூட. சாமிக்கு வைத்திருந்த தேன் என்பதால் அன்று மனம் மிகவும் சங்கடப்பட்டது.

கண்டனூர் ஆச்சி: பேரன் பிறந்திருக்கிறான். சேனை வைக்க வெளிநாட்டுத் தேன் நல்லதா, நம் தேன் நல்லதா?

இரண்டுமே வேண்டாம் ஆச்சி. ஒரு வயது முடியும்வரை நாக்கில் தொட்டும் வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. சம்பிரதாயத்துக்குப் பெரியவர்கள் குழந்தையைத் தொட்டு ஆசி கூறினால் போதும்.

செட்டிநாட்டுத் தம்பி: கொழும்பில் தயிரோடு ‘தேன்’ தந்தார்கள். கறுப்பாக இருந்ததே?

அது கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சிய பாணி. தேனீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காரைக்குடி மாணவி: நாளுக்கு ஒன்றரைக் கலோரிதான் என்றால், ஒரு தீவு தேனீக்காக ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும்?

நாளை விடியற்காலை என் தோப்புக்கு வாருங்கள் அம்மா. வேலியில் பூசணி பூத்திருக்கிறது. விடியும்போது விரியும் பூ, நண்பகலுக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஆண் பூவில் புரண்ட தேனீ பெண் பூவுக்குள் போக வேண்டும். போகாத பூவின் பிஞ்சு மூன்றாம் நாள் மஞ்சளாகி உதிரும், நானே பார்த்திருக்கிறேன். அந்த அட்டவணையில் தேனீயின் உழைப்பு தேன் வரியில் கொஞ்சம்தான். மீதியெல்லாம் காய்கறி வரியிலும் பழ வரியிலும் இருக்கிறது.