லோடு ஏத்துனா இழுக்க மாட்டேங்குற பழைய பிக்கப்பு: பம்ப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி கேளுங்க

பெருந்துறை பக்கம் பட்டறை வெச்சு 26 வருசமா டீசல் வண்டி வேலை பாக்கறேன். பழைய பிக்கப்பு பத்திக் கேக்கறவங்க கேளுங்க, ஆனா புகை என்ன கலர்னு பாத்துட்டு வந்து கேளுங்க.

பொள்ளாச்சியில இருந்து ஒருத்தர்: ஏனுங்ணா, 2009 மாடல் டிஐ பிக்கப்புங்க. காலி வண்டி நல்லா போகுது, உரிச்ச தேங்காய் 2000 ஏத்துனா மேட்டுல ரெண்டாவது கியர் தாண்ட மாட்டேங்குது. புகை ஒண்ணும் வரலீங்க. இன்ஜினுக்கு டீசல் அடிக்கற பம்ப்புக்கு வேலை செய்ய 20000 ஆகும்ங்கறாங்க, செஞ்சுறலாமுங்களா?

வேண்டாமுங்க, பம்ப்பைத் தொடவே வேண்டாம். நீங்களே பதில் சொல்லிட்டீங்க பாருங்க, புகை வரலைன்னு. இழுக்காத வண்டி கறுப்பாப் புகைஞ்சா டீசல் போகுது காத்து பத்தலைன்னு அர்த்தம், புகையே இல்லாம சோந்து போச்சுன்னா டீசலே போய்ச் சேரலைன்னு அர்த்தம். காலி வண்டிக்கு கொஞ்சூண்டு டீசல் போதும், அடைப்பு இருந்தாலும் ஓடிரும், மேட்டுல லோடோட மிதிக்கறப்பதான் பத்தாமப் போகும். டீசல் ஃபில்டர் மாத்தி எத்தன நாளாச்சு? அது மாத்தியும் சரியாகலைன்னா ஒரு 5 லிட்டர் கேன்ல நல்ல டீசல் புடிச்சு, சைலன்ஸர் சூடு படாத இடத்துல ஆடாமக் கட்டி, டேங்குல இருந்து வர்ற ஓஸைக் கழட்டிட்டு கேன்ல இருந்து நேரா லைன் குடுங்க. ரிட்டர்ன் ஓஸையும் அதே கேன்ல விடணும், இல்லீன்னா கேன் டீசல் பூரா டேங்குக்குப் போயிரும், நடு ரோட்டுல நிப்பீங்க. ஏர் எடுத்துட்டு, அதாவது லைன்ல புகுந்த காத்தை வெளிய விட்டுட்டு, அதே மேட்டுல அதே லோடோட ஓட்டிப் பாருங்க. நல்லா இழுத்துச்சுன்னா கோளாறு டேங்கு பக்கம், பம்ப் நல்லாருக்குது. பாத்துட்டு வந்து சொல்லுங்க.

நாமக்கல்ல இருந்து: முட்டை லோடு அடிக்கற வண்டிங்க, டர்போ இருக்குது. மேட்டுல கறுப்புப் புகை, உய்யுன்னு சத்தம் வேற வருது. டர்போ போச்சுங்களா?

சத்தம் வருதுன்னா மொதல்ல, காத்தை அமுக்கித் தள்ளற டர்போவுல இருந்து அந்தக் காத்தை ஆத்தற இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போற ரப்பர் ஓஸைப் பாருங்க. சும்மா நிறுத்தி வெச்சுப் பாத்தா கிழிசல் தெரியாதுங்க, லோடுல காத்து பிரஷர் ஏறும்போதுதான் வாய் பொளக்கும். ஓஸோட அடிப்பக்கம் கையை விட்டுத் தடவுங்க, கிளாம்ப்புகிட்ட ஆயில் பிசுபிசுப்பும் தூசியும் சேந்து கறுப்பா அப்பியிருந்தா அங்கதான் காத்து போகுது. ஓஸ் விலை எங்க, டர்போ விலை எங்க.

பல்லடத்துல இருந்து: எனக்கும் கறுப்புப் புகைதானுங்க, ஆனா டர்போ இல்லாத வண்டி. பம்ப் பாக்கணுமா?

பஞ்சு மில்லு ஓரமா நிறுத்தற வண்டியா? ஏர் ஃபில்டரைக் கழட்டிப் பாருங்க, பஞ்சு மெத்தை மாதிரி அடைச்சிருக்கும். தேங்கா மட்டை மில்லுக்குப் போற வண்டிக்கும் இதே கதிதான், நார்த்தூள் ஏறிக்கும்.

சத்தியமங்கலத்துல இருந்து: அண்ணா, இதுக்கு இவ்வளவு சுத்தணுமா? பம்ப்புல ஒரு திருகு இருக்குது, அரைச் சுத்து திருப்பி விட்டேன், ரெண்டு வருசமா திம்பம் மலை ரோட்டுல 27 வளைவும் லோடோட ஏறுது.

இழுக்கும்ங்க, நான் இல்லைன்னு சொல்லல. அந்தத் திருகு டீசலை அதிகமாக்கற திருகு, காத்தை அதிகமாக்காது. எரியாத டீசல் புகையாப் போகும், உள்ள சூடு ஏறும். திம்பத்துல ஒரே மூச்சா மிதிச்சுக்கிட்டே ஏறும்போது அந்தச் சூடு பூரா பிஸ்டன் தலையில நிக்குது.

மேட்டுப்பாளையத்துல இருந்து: சத்திக்காரர் சொல்றது சரிதானுங்க, எங்க பக்கம் கோத்தகிரிக்குக் காய் வண்டி ஓட்டறவங்க பாதிப் பேரு திருப்பித்தான் ஓட்டறாங்க.

பாதிப் பேரு செஞ்சா இரும்பு உருகாம இருக்குமா? போன மாசம் ஒரு தம்பி வண்டியப் பிரிச்சேன். எங்கயோ திருகைத் திருப்பி விட்டிருக்காங்க. மூணாவது பிஸ்டன் ஓரம் எலி கடிச்ச தேங்காய் மாதிரி குழியாயிருந்துச்சு, அலுமினியம் உருகி சிலிண்டர் செவுத்துல ஒட்டியிருக்குது. அந்தத் தம்பி இன்னும் வண்டிக் கடன் கட்டிக்கிட்டிருக்கறான். ஆரம்பத்துல என்ன கோளாறு தெரியுமா, டீசல் ஃபில்டர் அடைப்பு.

சத்திக்காரர் மறுபடியும்: என்ற வண்டிக்கு ஒண்ணும் ஆகலீங்களே?

ஆகாம இருக்கட்டும்ங்க, உங்க வண்டி கெட்டா எனக்கென்ன சந்தோசம். ஆனா இதைப் படிச்சுட்டு இன்னொருத்தர் ஸ்பேனர் எடுத்துருவாரு, அதுக்குத்தான் இவ்வளவு சத்தம் போடறேன். கூடவே ஒண்ணு, டீசல்ல மண்ணெண்ணெய் கலக்காதீங்க. ரோட்டரிங்கற வகை டீசல் பம்ப்புக்கு உள்ள ஓடற டீசல்தான் ஆயில், மண்ணெண்ணெய்க்கு அந்தப் பசை கிடையாது, பம்ப் உள்ளயே தேஞ்சு போகும்.

அவிநாசியில இருந்து: இன்ஜின் சத்தம் ஏறுது, வண்டி வேகம் ஏறலீங்க. பம்ப்?

கிளட்ச் ஸ்லிப்பு.

தாராபுரத்துல இருந்து: உடுமலை ரோட்டுல மேற்கால போனா இழுக்கல, திரும்பி வர்றப்ப நல்லா வருதுங்க. பம்ப் கோளாறா?

தார்ப்பாய் கட்டி ஒசரமா லோடு ஏத்தி ஆடிக் காத்துக்கு எதுக்கப் போனா எந்த வண்டியும் திணறும்ங்க. சந்தேகமா இருந்தா இறங்குனதும் நாலு சக்கரத்துகிட்டயும் கையைக் கொண்டு போய்ப் பாருங்க, ஒண்ணு மட்டும் கொதிச்சா பிரேக் புடிச்சிருக்குது.

கரூர்ல இருந்து: காமன் ரெயில் வண்டிங்க, ஒரே குழாய்ல டீசலை அதிக பிரஷர்ல தேக்கி எல்லா நாசிலுக்கும் குடுக்கற மாதிரி. ஓடும்போது நாசில் பைப்பை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணிப் பாக்கலாமா, பம்ப் வீக்கான்னு தெரியுமே?

ஐயோ, கை வைக்காதீங்க! அந்தப் பைப்புல 1000 பாருக்கு மேலகூட பிரஷர் ஏறும், டீசல் தோலைக் கிழிச்சு உள்ள போயிரும், விரலையே எடுக்க வேண்டி வரும். அது பழைய வண்டிக்குச் செய்யற வேலை. ஸ்கேனர் வெச்சிருக்கற பட்டறைக்குப் போங்க.

கோபியில இருந்து: பழைய பெட்ரோல் வேனுங்க, லோடுல...

பெட்ரோல் நான் பாக்கறதில்லீங்க. கார்பரேட்டர் தெரிஞ்சவரா பாத்துப் புடிங்க.

திருச்செங்கோட்டுல இருந்து: போர் போடற ரிக் வண்டிக்கு பேரல்ல வெச்ச டீசல்தான் பிக்கப்புக்கும் ஊத்தறமுங்க. பம்ப் பாக்கலாமா?

எத்தன தடவைங்க சொல்றது! பேரல்ல தண்ணி இறங்கியிருக்கும். ஃபில்டர் அடியில இருக்கற திருகை லூஸ் பண்ணி ஒரு கண்ணாடி டம்ளர்ல புடிச்சு சித்த நேரம் வைங்க, தண்ணி கீழ தனியா நிக்கும்.

பொள்ளாச்சிக்காரர் மறுபடியும்: அண்ணா, கேன்ல ஓட்டிப் பாத்தேனுங்க. அதே மேடு, அதே லோடு, மூணாவது கியர்ல ஏறுச்சு!

அப்பாடா. இப்ப டேங்கை இறக்கி, உள்ள டீசல் இழுக்கற குழாய் நுனியில சல்லடை இருக்கும், அதை எடுத்துப் பாருங்க. துருவும் சகதியும் களி மாதிரி மூடியிருக்கும். டேங்கை ரெண்டு தடவை டீசல் விட்டு அலசுங்க, தண்ணி விட வேண்டாம். மூடியில காத்து போற சின்ன ஓட்டை அடைச்சிருக்கான்னும் பாருங்க. பழைய ஓஸ்ல வெடிப்பு இருந்தா மாத்திருங்க, அங்க ஏர் இழுத்தாலும் இதே தொந்தரவுதான். எல்லாம் மாட்டிட்டு புது ஃபில்டர் போட்டு, கை பம்ப் அடிச்சு, நுரை நின்னு சுத்த டீசல் வர்ற வரைக்கும் ஏர் எடுங்க.