சம்பள பாக்கியும் மூன்று கோப்பையும்

கேள்வி: கால்பந்து உலகக் கோப்பைக்கு அடிக்கடி தகுதி பெறும் ஈரான், பயிற்சியாளர் என்று வந்தால் மட்டும் போர்ச்சுகல், குரோஷியா என்று வெளியே தேடுகிறது. அவர்களும் வருடக்கணக்கில் அங்கேயே இருந்துவிடுகிறார்கள். ஐரோப்பாவில் விலை போகாதவர்கள் எண்ணெய்ப் பணத்துக்காகப் போய் ஒட்டிக்கொள்கிறார்கள் என்பதுதானே உண்மை?

பதில்: இல்லை. நீங்கள் சொல்லும் எண்ணெய்ப் பணம் கத்தாருக்கும் சவூதிக்கும் பொருந்தும். ஈரானில் வெளிநாட்டுப் பயிற்சியாளருக்கு இருக்கும் பெரிய தலைவலியே சம்பளம் கைக்கு வராததுதான். அமெரிக்கத் தடைகளால் ஈரான் வங்கிகள் சர்வதேசப் பணப் பரிமாற்றத்திலிருந்து துண்டிக்கப்பட்டவை. கிளப்பில் பணம் இருந்தாலும் அதை ஐரோப்பாவில் உள்ள ஒரு கணக்குக்கு அனுப்ப வழி தேட வேண்டும். பல சமயம் கிளப்பில் பணமும் இருக்காது. 2019 டிசம்பரில் தெஹ்ரானின் எஸ்தக்லால் அணி லீக்கில் முதலிடத்தில் இருந்தபோதே இத்தாலியர் ஸ்ட்ராமாச்சோனி சம்பள பாக்கி என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அடுத்த மாதம் அதே நகரின் எதிரணியான பெர்செபோலிஸை விட்டு அர்ஜென்டினாவின் கால்டெரோனும் போனார். காரணம் அதேதான். பணத்துக்காக மட்டும் வந்தவர்கள் அங்கே நிலைப்பதில்லை; சீக்கிரமே போய்விடுகிறார்கள்.

அப்படியானால் நிலைத்தவர்கள் யார்? குரோஷியாவின் பிராங்கோ இவான்கோவிச்சைப் பாருங்கள். 2001இல் தேசிய அணிப் பயிற்சியாளர் ப்ளாஷெவிச்சின் உதவியாளராக ஈரானுக்கு வந்தார். அயர்லாந்திடம் தோற்று 2002 உலகக் கோப்பை வாய்ப்பு போனது, ப்ளாஷெவிச் போனார், இவர் இருந்தார். 2002 பூசான் ஆசியப் போட்டியில் தங்கம், 2004 ஆசியக் கோப்பையில் மூன்றாமிடம், 2006 உலகக் கோப்பைக்குத் தகுதி. அந்த உலகக் கோப்பையில் ஒரு வெற்றிகூட இல்லாமல் திரும்பியபோது அவரைத் திட்டாத ஆள் இல்லை. அதே மனிதர் 2015இல் பெர்செபோலிஸுக்கு வந்தார். முதல் முழு சீசனில் கோல் வித்தியாசத்தில் பட்டம் கைநழுவியது. அப்புறம் 2017, 2018, 2019 என்று வரிசையாக மூன்று லீக் பட்டங்கள்.

இதில் 2018ஐத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். அணியின் ஆட்டக்காரர் மெஹ்தி தாரெமி ஒரு துருக்கி கிளப்போடு போட்ட ஒப்பந்தத் தகராறில், ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் இரண்டு பருவங்களுக்குப் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது என்று பெர்செபோலிஸுக்கு உலகக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபா தடை போட்டது. காயம்பட்டவருக்குப் பதிலாக இறக்கவே ஆள் தேட வேண்டிய நிலை. அந்த அணியைத்தான் பிராங்கோ ஆசிய சாம்பியன்ஸ் லீக் இறுதி வரை கொண்டுபோனார். ஜப்பானின் காஷிமாவிடம் அங்கே 0-2, ஆசாதி மைதானத்தில் 0-0. கோப்பை கிடைக்கவில்லை. ஆனால் தோற்ற அந்த அணிமீது தெஹ்ரான் ரசிகர்களுக்கு இன்னும் பிரியம் உண்டு. 2019இல் அவர் கிளம்பிய பிறகு அவருடைய சம்பள பாக்கி விவகாரம் ஃபிஃபா வரை போனது. மூன்று பட்டம் வாங்கிக் கொடுத்தவருக்கு நடந்தது இது. இவரையா ஒட்டிக்கொண்டார் என்கிறீர்கள்?

‘விலை போகாதவர்’ என்ற பேச்சும் சரியில்லை. போர்ச்சுகலின் கார்லோஸ் கெய்ரோஸ் ஈரான் தேசிய அணிக்கு வந்தது 2011இல். அதற்கு முன்பே போர்ச்சுகல் இளையோர் அணிக்கு இரண்டு உலகப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தவர், மான்செஸ்டர் யுனைடெட்டில் ஃபெர்குசனின் வலது கை, ரியல் மாட்ரிட்டின் பயிற்சியாளர். தெஹ்ரானில் உட்கார்ந்து பட்டியல் போடுவதோடு அவர் நிற்கவில்லை. ஐரோப்பாவில் வளர்ந்த ஈரானியப் பிள்ளைகளைத் தேடி அழைத்துவந்தார். மஷ்ஹதில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த ரெசா கூச்சன்நெஜாத் அப்படி வந்தவர். 2013 ஜூனில் உல்சானில் தென் கொரியாவை அவர்கள் மண்ணிலேயே 1-0 என வீழ்த்தி ஈரான் உலகக் கோப்பைக்குப் போனது அவர் அடித்த கோலால்தான். 2018க்கான தகுதிச் சுற்றிலோ பிரேசிலுக்கு அடுத்து முதலில் இடம் பிடித்தது ஈரான்.

அந்த 2018 உலகக் கோப்பையில் மொராக்கோவுடன் முதல் ஆட்டம் நெருங்கும்போது, தடைகளைக் காட்டி ஈரான் ஆட்டக்காரர்களுக்கு ஷூ தர முடியாது என்று நைக்கி கையை விரித்தது. காலுக்குப் பழகிய ஷூவைக் கடைசி நேரத்தில் மாற்றச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை என்று ஆடியவர்களுக்குத் தெரியும். கெய்ரோஸ் வெளிப்படையாகவே பேசினார், ஃபிஃபா தலையிட வேண்டும் என்றார். அந்த ஆட்டத்தில் ஈரான் ஜெயித்தது. ஸ்பெயினிடம் ஒரே கோலில் தோற்றது. போர்ச்சுகலுடனான ஆட்டத்தில் ரொனால்டோவின் பெனால்டியை ஈரான் கோல்கீப்பர் பெய்ரன்வந்த் பிடித்தார், ஆட்டம் 1-1. கெய்ரோஸ் தன் சொந்த நாட்டையே வெளியேற்ற ஒரு கோல் தூரத்தில் நின்றார். பிடிவாதக்காரர்தான். தேசிய முகாமுக்கு ஆட்களை அனுப்புவது தொடர்பாக பிராங்கோவோடு அவர் போட்ட சண்டை ரசிகர்களையே இரண்டாகப் பிரித்தது. ஆனாலும் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஒரே ஆள் பொறுப்பில் இருந்ததால்தான் ஈரான் தடுப்பாட்டத்துக்கு ஒரு ஒழுங்கு வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் இந்த இருவரும் இல்லை, டிராகன் ஸ்கோச்சிச். இவரும் குரோஷியாதான், பெரிய பெயர் கிடையாது. காஸ்பியன் கரையில் பந்தர் அன்சாலியின் மலவான், அஹ்வாஸின் ஃபூலாத், பாபோலின் ஒரு சின்ன கிளப், அபாதானின் சனத் நஃப்த் என்று தலைநகருக்கு வெளியே ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். 2020 பிப்ரவரியில் தேசிய அணியை அவர் கையில் கொடுத்தார்கள். எப்படிப்பட்ட அணி? கெய்ரோஸுக்குப் பின் பெரும் தொகைக்கு அழைத்துவந்த பெல்ஜியத்தின் வில்மோட்ஸ் சில மாதங்களில் விலகியிருந்தார். அதற்குள் பஹ்ரைனிடமும் ஈராக்கிடமும் தோல்வி. உலகக் கோப்பைக் கனவு ஏறக்குறைய முடிந்த நேரம். போதாக்குறைக்கு வில்மோட்ஸுக்கு 60 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுக்கச் சொல்லி ஃபிஃபாவின் உத்தரவு வேறு.

அந்தத் தகுதிச் சுற்றில் மிச்சமிருந்த நான்கு ஆட்டங்களும் 2021 ஜூனில் பஹ்ரைனில் நடந்தன. நான்கிலும் வெற்றி. முன்பு தோற்கடித்த பஹ்ரைனை 3-0, ஈராக்கை 1-0. அடுத்த சுற்றில் லெபனானின் சிடோன் நகரில் 90ஆவது நிமிடம் வரை ஈரான் 0-1 எனப் பின்தங்கியிருந்தது. 90 நிமிடத்துக்குப் பின் சேர்த்த நேரத்தில் அஸ்மூன் ஒரு கோல், நூரொல்லாஹி ஒரு கோல். ஆட்டம் முடிந்தபோது 2-1. 2022 ஜனவரியில், மூன்று ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே உலகக் கோப்பைக்கு இடம் உறுதியானது. ஸ்கோச்சிச் பொறுப்பில் மொத்தம் 18 ஆட்டங்களில் 15 வெற்றி, ஒரு டிரா, இரண்டு தோல்வி. ஈரான் வரலாற்றில் இப்படிக் கணக்குக் காட்டியவர்கள் மிகச் சிலர்.

அவருக்கு என்ன கிடைத்தது? ஜூலையில் நீக்கினார்கள், ஒரு வாரத்துக்குள் திரும்ப அழைத்தார்கள். ஆகஸ்ட் முடிவில் ஈரான் கால்பந்து சம்மேளனத் தேர்தலில் மெஹ்தி தாஜ் மீண்டும் தலைவரானார். வில்மோட்ஸ் ஒப்பந்தம் போடப்பட்டபோதும் தலைவராக இருந்தவர் அவர்தான். செப்டம்பரில் ஸ்கோச்சிச்சை அனுப்பிவிட்டு கெய்ரோஸை மறுபடி கூட்டிவந்தார்கள். தகுதி பெற்றுக் கொடுத்தவர் உலகக் கோப்பையில் இல்லை. முதல் ஆட்டத்திலேயே இங்கிலாந்திடம் 2-6. வேல்ஸை ஜெயித்தும் அடுத்த சுற்றுக்குப் போக முடியவில்லை. கெய்ரோஸ்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அன்று நடந்தது அநியாயம், அதில் அவருக்கும் பங்கு உண்டு.

ஸ்கோச்சிச் என்ன செய்தார் தெரியுமா? மறுபடி ஈரானுக்கே வந்தார். தப்ரீஸின் டிராக்டர் அணி, 1970இல் தொடங்கிய கிளப். அஜர்பைஜானி பேசும் மக்கள் உயிராக நேசிக்கும் அணி. எத்தனையோ பயிற்சியாளர்களை மாற்றியும் லீக் பட்டம் மட்டும் வந்ததே இல்லை. 2024-25 சீசனில் ஸ்கோச்சிச் அதை வாங்கிக் கொடுத்தார்.

உள்ளூர்க்காரர்களை நம்புவதில்லை என்பதும் பாதிதான் உண்மை. 1974 தெஹ்ரான் ஆசியப் போட்டியில் தங்கம் வென்று தந்த அயர்லாந்தின் ஃப்ராங்க் ஓஃபாரெல், தன் உதவியாளர் ஹெஷ்மத் மொஹாஜெரானியைத் தயார்செய்துவிட்டுத்தான் போனார். அந்த மொஹாஜெரானிதான் 1976 ஆசியக் கோப்பையை வென்று, 1978இல் ஈரானை முதல் உலகக் கோப்பைக்கு அழைத்துப் போனவர். பிராங்கோ வார்த்துவிட்டுப் போன பெர்செபோலிஸை 2020இல் மீண்டும் ஆசிய இறுதிக்குக் கொண்டுபோன யாஹ்யா கோல்மொஹம்மதியும் ஈரானியர்தான். வந்தவர் சில வருடம் நின்று வேலை செய்தால் அடுத்து வரும் உள்ளூர்க்காரருக்கு அது உதவுகிறது. இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்த ஸ்டிமாச்சும் 2015இல் இஸ்ஃபஹானின் செபாஹானில் இருந்தவர்தான், சில மாதங்களே நின்றார். அவர் பெயரை அங்கே யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

சம்மேளனத்தையும் கிளப் நிர்வாகங்களையும் கேட்க வேண்டிய கேள்வியைப் பயிற்சியாளர்களிடம் கேட்டிருக்கிறீர்கள். போட்ட ஒப்பந்தப்படி ஏன் பணம் தருவதில்லை, ஜெயித்துக்கொண்டிருப்பவரை ஏன் நடுவழியில் மாற்றுகிறீர்கள் என்று அவர்களைக் கேளுங்கள்.