பல்கலைக்கழகம் நிறுத்திய பிள்ளை: மலேசியா, சுங்கை சிப்புட் அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அக்கா.

நீங்கள் அனுப்பிய நிறுத்தக் கடிதத்தையும், பொறியியல் படிக்கும் உங்கள் மகன் தம்பியின் ரிசல்ட்டையும் பார்த்தேன். முதல் செமஸ்டர் 1.60, இரண்டாவது 1.40. இரண்டிலும் 15 கிரெடிட் என்பதால் சிஜிபிஏ, அதாவது மொத்தச் சராசரி, 1.50. நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக 2.00 இருந்தால்தான் நல்ல நிலை. அதற்குக் கீழே போனால் முதலில் எச்சரிக்கை. மேலும் இறங்கினால் நிறுத்தம். அந்த எல்லை ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி.

ஈப்போ ஏஜெண்ட் அடுத்த மாதமே தனியார் கல்லூரியில் சேர்த்துவிடுகிறேன் என்றாராம். உங்கள் வீட்டுக்காரரின், அதாவது தம்பியின் அப்பாவின், ஈபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமநிதி) பணத்தை எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். இப்போது வேண்டாம். மகன் ஏன் தோற்றான் என்று தெரியாமல் எந்தக் கல்லூரிக்கு அனுப்பினாலும், அதே காரணம் அவனோடு பஸ் ஏறி வரும்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: செம்பனை ஆலையில் அப்பாவுக்கு அடிபட்ட பிறகு தம்பி இரவில் சாப்பாடு டெலிவரி ஓடி, வீட்டுக்குப் பணம் அனுப்பினான் என்று. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. அவனிடம் திட்டாமல் கேளுங்கள்: எந்தப் பாடம் போனது, எந்த வகுப்புக்குப் போகவில்லை, எப்போதிலிருந்து? கணக்கு மட்டும் போயிருந்தால் அது ஒரு பிரச்சினை. காலை வகுப்புகள் எல்லாமே போயிருந்தால் தூக்கமும் பணமும்தான் பிரச்சினை. அவனுக்கே பொறியியல் பிடிக்கவில்லை என்றால் அது மூன்றாவது வகை. அதற்கு மேல்முறையீடே தேவைப்படாமல் போகலாம்.

மேல்முறையீட்டுக்கு, அதாவது ரயுவானுக்கு, கடைசி நாள் அந்த நிறுத்தக் கடிதத்திலேயே இருக்கும். அதைத் தாண்டினால் நல்ல காரணமும் எடுபடாது. மேல்முறையீட்டுக் கடிதத்தை மகனே மலாயில் எழுதட்டும், இரண்டு பக்கம் போதும். விரிவுரையாளரைக் குறை சொல்ல வேண்டாம். என்ன நடந்தது, அதற்கு என்ன சான்று, இனி என்ன மாறும் என்று மூன்றும் வரட்டும். மருத்துவமனை அறிக்கை, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) ஆவணங்கள் இரண்டையும் இணையுங்கள். "இனி நன்றாகப் படிப்பேன்" என்று எல்லாரும்தான் எழுதுகிறார்கள். "இரவு வேலையை விட்டுவிட்டேன், பிடிபிடிஎன் (அரசு உயர்கல்விக் கடன் நிதி) கடனிலும் மாணவர் நல நிதி உதவியிலும் சமாளிப்பேன்" என்றால் அதில் விஷயம் இருக்கிறது. ஆனால் அது உண்மையாகவும் இருக்க வேண்டும். நல நிதி பற்றி மாணவர் விவகாரப் பிரிவில் முன்பே விசாரித்துவிட்டு எழுதட்டும்.

ஒய்.பி.யிடம், அதாவது தொகுதி மக்கள் பிரதிநிதியிடம், ஆதரவுக் கடிதம் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் அதுதான் முதல் யோசனை. கெடுதல் இல்லை, ஆனால் தம்பி ஏன் தோற்றான் என்பது ஒய்.பி.க்கு எப்படித் தெரியும்? அவனுடைய கல்வி ஆலோசகர் எழுதும் நாலு வரிக்கு அதைவிட மதிப்பு.

பல்கலைக்கழகம் அவனைத் திரும்ப எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் கணக்குப் போடுங்கள். அடுத்த செமஸ்டரிலும் 15 கிரெடிட் எடுத்தால், 2.00-ஐத் தொட அவன் 3.00 வாங்க வேண்டும். 1.40 வாங்கிய பிள்ளைக்கு இது பெரிய ஏற்றம். தோற்ற பாடத்தைத் திரும்ப எடுக்கும்போது பழைய கிரேடு நீங்குமா என்று அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். நீங்கும் என்றால் பாரம் நிறையவே குறையும்.

மறுத்துவிட்டால்? அப்போது கல்லூரி தேடலாம். ஏஜெண்ட் சொல்லும் கோர்ஸ் எம்க்யூஏ (மலேசியத் தகுதி முகமை) பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பொறியியல் பட்டம் என்றால் இஏசி (பொறியியல் அங்கீகார மன்றம்) அங்கீகாரமும் வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் பொறியாளராகப் பதிவு செய்வதில் சிக்கல் வரும். தேறிய பாடங்களின் கிரெடிட்டை மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பழைய பல்கலைக்கழகத்தை மறைத்து விண்ணப்பிக்கவே கூடாது. பிடிபிடிஎன் ஏற்கெனவே எடுத்திருந்தால், படிப்பு நின்றதைத் தெரிவித்துவிட்டு, புதிய படிப்புக்குக் கடன் கிடைக்குமா என்று கேட்ட பிறகே கட்டணம் கட்டுங்கள்.

கையால் வேலை செய்யப் பிடிக்கும் பிள்ளை என்றால் நம் ஊர் கோலேஜ் கொமுனிட்டியையும் (சமூகக் கல்லூரி) ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கையும் ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு வருஷம் வேலைக்குப் போனாலும் குடி முழுகிவிடாது. சம்பளச் சீட்டு, ஈபிஎஃப் அறிக்கை எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். 21 வயதுக்கு மேல், வேலை அனுபவத்தை மதிப்பிட்டுச் சேர்க்கும் ஏப்பல் என்ற முறை வழியாகப் பட்டப்படிப்பில் சேர முடியும். அதற்கு இவைதான் ஆதாரம்.

கோயிலில் யாராவது கேட்டால் லீவில் வந்திருக்கிறான் என்று சொல்லிச் சமாளிப்பதாக எழுதியிருந்தீர்கள். ஊருக்கு என்ன சொல்வதென்பது உங்கள் இஷ்டம். ஆனால் அந்தப் பொய்யை அவனையும் சொல்ல வைக்காதீர்கள். ஏற்கெனவே அறையைவிட்டு வெளியே வருவதில்லை என்கிறீர்களே. தூக்கமோ சாப்பாடோ குறைந்திருந்தால், ரயுவானுக்கும் முன்னால் கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசு மருத்துவ நிலையத்துக்கு, கூட்டிப் போங்கள். கடைசி நாள் எது என்று பார்த்து எனக்கு நாளைக்கே ஒரு வாட்ஸ்அப் போடுங்கள்.